எல்லா வீதிகளுக்கும் சொன்னவர்

போன வெள்ளிக்கிழமை காலை வில்லியனூர்க் கடைத்தெருவில் வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தேன். இலை விற்கும் பச்சையம்மாள் வேலம்பாக்கத்துக்காரி. வாரம் ஒரு முறை வண்டியில் இலை ஏற்றிக்கொண்டு இங்கே வருவாள். கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்களுக்குச் சேதி வந்துச்சா சாமி? தமுக்குக்காரரு பூட்டாரு. புதன்கெழம காலம்பற. ரெண்டு நாளா மார வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தாராம்" என்றாள்.

எந்தத் தமுக்குக்காரர் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எத்தனை அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. "நம்ம ஊருக்கு எத்தினி தமுக்குக்காரரு?" என்றாள் அவள்.

அன்றைக்கே அடக்கம் முடிந்துவிட்டதாம். முகம் பார்க்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இலைக் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். வேலம்பாக்கத்தைத் தெரிந்தவர்களும், தமுக்குக்காரர் காத்தமுத்துவின் குரலை ஒரு சந்தை நாளிலாவது கேட்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டியிருந்தால், பாதி வார்த்தை வேண்டாதது என்று சொல்லியிருப்பார்.

வேலம்பாக்கம் பெரிய ஊர் அல்ல. ஏரிக்கரைக்குக் கீழே நாலு வீதி, ஒரு கோயில், குளம், சந்தைத் திடல், ஒதுக்கமாகச் சேரி, நடுவில் மேரி. நகர மன்றத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் பெயரைத்தான் நம் ஜனங்கள் மேரி என்கிறார்கள். அதன் தலைவர் மேர். ஆனால் மேரிக்கும் முந்தியது சந்தை. கிழக்கே பனித்திட்டிலிருந்து மீனும் கருவாடும், மேற்கே கரையாம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து நெல்லும் வெல்லமும் வந்து கைமாற ஓர் இடம் வேண்டியிருந்தது. குடிக்க ஏரித் தண்ணீரும் உட்காரப் புளியமர நிழலும் இருந்த இடத்தில் இரண்டு திசை ஜனமும் கூடியது. அப்படிக் கூடிய இடந்தான் ஊராயிற்று என்று வயதானவர்கள் சொல்வார்கள். ஒன்றரை மைல் தள்ளி அந்நாளில் இங்கிலீஷ்காரன் எல்லை. அந்தப் பக்கத்து ஜனமும் செவ்வாய்க்கிழமையானால் கூடையும் கோணியுமாக வேலம்பாக்கத்துக்குத்தான் வரும்.

அந்த ஊருக்கு நான் மேரிக் குமாஸ்தாவாகப் போய் இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. பிரெஞ்சில் வரும் உத்தரவுகளைத் தமிழில் எழுதுவது அங்கே என் வேலை. எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டுவேன். காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஊருக்குச் சொல்வார். எனக்கும் அவருக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம்.

முதல் உத்தரவு நாய்களைப் பற்றியது. புதுச்சேரியில் பரீட்சை தேறிய கர்வத்தோடு நான் எழுதினேன்: "சுவானங்களை வளர்க்கும் சகலரும் சந்தை தினங்களில் அவற்றைச் சங்கிலியால் பந்தனம் செய்தல் வேண்டும்." என் தமிழ் திடலில் முழங்குவதைக் கேட்க ஆசைப்பட்டு நானும் பின்னாலேயே போனேன். காத்தமுத்து மூன்று முறை தமுக்கை அடித்துவிட்டு, "நாய் வச்சிருக்கறவங்கல்லாம் கேட்டுக்குங்க. சந்த நாள்ல நாயக் கட்டிப் போடுங்க. அவுத்து வுட்டா மேரிக்காரன் புடிச்சிகினு பூடுவான், அப்புறம் அழுவாதீங்க" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேரிக்குத் திரும்பியதும், எழுதியதை எழுதியபடி ஏன் சொல்லவில்லை என்று அதட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க எழுதனது மேருக்கு சாமி. நான் சொல்றது நாய் வச்சிருக்கறவனுக்கு."

அன்று சாயங்காலம் சந்தைத் தெருவில் ஒரு நாய்கூட அவிழ்ந்து திரியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் நான் சுவானத் தமிழையே எழுதிக்கொண்டிருந்தேன். அவரும் அதை நாய்த் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் வழிக்கு வந்தேன். எழுதும்போதே, இதை அவர் எப்படிச் சொல்வார் என்று யோசித்து எழுதப் பழகினேன். அவர் கேட்டுவிட்டு மாற்றாமல் போகிற அன்றைக்கு எனக்கு ஒரு பரிசு கிடைத்த மாதிரி இருக்கும்.

சந்தையில் அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். திடலுக்குள் வந்ததும் அடிக்க மாட்டார். மீன்காரப் பெண்கள் வெயில் ஏறுமுன் கூடையைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள் என்பதால் முதலில் அந்தப் பக்கம் போவார். யாரிடமாவது, வலையில் மீன் எவ்வளவு பட்டது, புருஷன் காய்ச்சல் தேவலையா என்று விசாரிப்பார். பேச்சு அடங்கிய பிறகுதான் கோல் தமுக்கில் விழும். வெல்ல மண்டிப் பக்கம் கடைசியாகப் போவார். அங்கே உள்ளவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், அவசரமில்லை என்பார்.

ஒருநாள் பூரணாங்குப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி சந்தையில் ஆட்டைத் தொலைத்துவிட்டு அழுதாள். காத்தமுத்து அதற்கும் தமுக்கடித்துவிட்டார். கொம்பு வளைந்த கறுப்பு ஆடு, இடது காதில் வெட்டு, பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று. சர்க்கார் தமுக்கை ஆட்டுக்கு அடிப்பதா என்று நான் கேட்டேன். "வரி கட்டணும்னா அடிக்கறோமே சாமி. வரி கட்டறவ ஆடு தொலஞ்சா அடிக்கக் கூடாதா?" என்றார். ஆடு கிடைத்தது. புளியமரத்துக்குப் பின்னால் ஒருவருடைய கீரைக் கட்டைத் தின்றுகொண்டிருந்தது. கீரைக்காரருக்கும் ஆட்டுக்காரிக்கும் நடந்த பஞ்சாயத்தையும் அவர்தான் தீர்த்துவைத்தார்.

பிறப்பு இறப்பு எழுதிவைக்கும் பதிவேடு என் மேசையில் இருந்தது. ஆனால் ஊர் நடப்பு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. எந்தக் குப்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் இன்னும் வந்து எழுதிவைக்கவில்லை என்பதெல்லாம் நடந்து திரிந்தே தெரிந்துவைத்திருப்பார். எழுதாமல் விட்டால் பின்னால் அந்தப் பிள்ளை இந்த ஊர்க்காரன் என்று காட்டக் காகிதம் இருக்காது என்று வீட்டு வாசலில் நின்று எச்சரிப்பார். இன்று வேலம்பாக்கத்தில் ஓட்டுப் போடுகிறவர்களில் பலருடைய பெயர் பதிவேட்டில் ஏறியது அவர் கால் தேய்ந்ததால்தான்.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு கொண்டாட்டத்துக்காக ஒரு வருஷம் மேரிக்கு வெள்ளையடித்தார்கள். வாசலுக்கு மேலே இருந்த மூன்று பிரெஞ்சு வார்த்தைகளுக்கும் புதிதாகச் சாயம் பூசினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற காத்தமுத்து, அதில் இன்னா எழுதியிருக்குது என்று கேட்டார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றேன். புரியவில்லை என்றார். யாரும் யாருக்கும் அடிமை இல்லை, எல்லாரும் சமம், எல்லாரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்று விளக்கினேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இத்த நான் ஒரு நாளும் தமுக்கடிச்சதில்லியே" என்றார். "எழுதி வச்சாங்களே, சொல்லச் சொல்லலியா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்து ஏரி வழிந்தது. தண்ணீர் வடிந்த கையோடு வாந்திபேதி வந்தது. முதலில் சேரியில் இரண்டு பேர் போனார்கள். அடுத்த வாரம் சந்தைத் தெருவில் ஒருவர். புதுச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது: குளத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், சந்தையை மூட வேண்டும், நோய் கண்டால் மேரிக்குத் தெரிவிக்க வேண்டும், இதை எல்லா வீதிகளிலும் அறிவிக்க வேண்டும். நான் தமிழில் எழுதினேன். கடைசி வரியை மட்டும் எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினேன்: "வழக்கமான இடங்களில் அறிவிக்கப்படும்."

வழக்கமான இடங்கள் எவை என்று ஊருக்குத் தெரியும். காத்தமுத்து சேரியில் பிறந்தவர். கோயிலை ஒட்டிய மேல வீதியில் நிலக்காரர்கள் குடியிருந்தார்கள். அந்த வீதிக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. வீதி முனையில் தேர் நிற்கும் இடத்தில் நின்று தமுக்கடித்து, அடிவயிற்றிலிருந்து சத்தம் போட்டுச் சொல்வார். முதல் ஐந்தாறு வீட்டுக்கு வார்த்தை கேட்கும். அதற்கு அப்பால் தமுக்குச் சத்தம் மட்டுந்தான் போகும். அக்கறை உள்ளவர்கள் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். நாய், வரி என்றால் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகவே அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

நாலாம் நாள் மேல வீதியின் கடைசி வீட்டில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண் இறந்துபோனாள். குளத்துத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள். அந்த வீட்டாருக்கு உத்தரவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை நான் மேரியைத் திறக்கும்போது காத்தமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் தூணுக்கு வெளியே நிற்பவர், அன்றைக்கு என் பின்னாலேயே உள்ளே வந்து மேசைக்கு எதிரில் நின்றார்.

"அந்தக் காயிதத்த எடுங்க சாமி. நீங்க எழுதனது வேணாம். அவங்க பிரெஞ்சுல எழுதி அனுப்பிச்சாங்களே, அத்தப் படிங்க. எங்கெங்க தமுக்கடிக்கணும்னு இருக்குது?"

எடுத்துப் படித்தேன். "எல்லா வீதியிலயும்னு இருக்குது" என்றேன்.

"அப்ப வழக்கமான எடம்னு போட்டது யாரு?"

"நான்தான்."

அவர் தரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சின்னதுல தமுக்குச் சத்தம் கேட்டா ஏரிக்கர வரைக்கும் பின்னாடியே ஓடியாரும்" என்றார். "தொண்ட கிழியக் கத்தனேன் சாமி. அதுக்குக் கேக்கல."

பிறகு, "நான் உள்ள போவட்டுமா?" என்று கேட்டார்.

போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உத்தரவு அப்படித்தான் இருக்குது" என்றேன். குமாஸ்தாக்கள் பேசும் பேச்சு அது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் தேர் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் நான் தாராளமாகப் போகலாம். என்னை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் நடந்தார். வீதியின் நடுவில், அவசரமில்லாமல், மூன்று வீட்டுக்கு ஒரு தடவை நின்று அடித்தார். "குளத்துத் தண்ணி வேணாம். எந்தத் தண்ணியும் காய வச்சுக் குடிங்க. வாந்தி கண்டா ஒளிச்சி வெக்காதீங்க, மேரிக்குச் சொல்லி அனுப்புங்க." கதவுகள் திறந்தன. ஒருவர் வாசலுக்கு வந்து, எவ்வளவு தைரியம், வெளியே போ என்று இரைந்தார். காத்தமுத்து அவர் இரைந்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

வீதியின் பாதியில் ஒரு வீட்டு நிலைப்படியிலிருந்து ஓர் அம்மாள், "எவ்ளோ நேரம் காயணும்?" என்று கேட்டாள்.

அந்த வீதியில் அவரிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. அவர் திரும்பி, "அரிசி போடற மாதிரி தளதளன்னு கொதி வரணும் தாயி. வந்தப்புறமும் கொஞ்ச நேரம் வுடுங்க. எறக்கி மூடி வெச்சிடுங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் கடைசி வீடு வரை போனார். சாவு விழுந்த அந்த வீட்டின் முன்னால் தமுக்கை அடிக்கவில்லை. மெதுவான குரலில் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

மறுநாளே அவர் மேல் புகார் மனு வந்தது. மேல வீதி வீடுகளெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தன, ஒரே ஒரு வீட்டைத் தவிர. அது கேள்வி கேட்ட அந்த அம்மாளின் வீடு. காத்தமுத்துவின் மனைவியைக் களையெடுக்க வர வேண்டாம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மேரும் மேல வீதிக்காரர், அவர்கள் ஓட்டில் வந்தவர். விசாரணைக்குக் கூப்பிட்டு, யார் சொல்லி உள்ளே போனாய் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. சாமி சரியாத்தான் படிச்சுக் காட்டனாரு. எல்லா வீதின்னு நானா நெனச்சிகினேன்" என்றார் காத்தமுத்து.

நான் பக்கத்தில் காகிதக் கட்டோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தமுக்கை வைத்துவிட்டுப் போகும்படி மேர் உத்தரவிட்டார். அவர் வாரைத் தோளிலிருந்து கழற்றி, தமுக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் வெளியே போனார். பார்த்தால் நான் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பிரெஞ்சுக் கடுதாசி உங்ககிட்டதான இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் போய், புதுச்சேரி உத்தரவையும் நான் எழுதிய தமிழையும் மேரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் படித்தார். இப்படி எழுத யார் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை, வழக்கம் என்றேன். இது மேலே போனால் என் குமாஸ்தா வேலை போய்விடும் என்றார். தெரியும் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "என் பதவியும்தான்" என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர். மனுவை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். தமுக்கை எடுத்துப் போகச் சொல்லிக் காத்தமுத்துவுக்கு ஆள் அனுப்பினார். நான் உட்கார்ந்து கடைசி வரியைத் திருத்தி எழுதினேன்.

ஏன் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று பிறகு கேட்டேன். என்மேல் உள்ள பிரியத்தால் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"உங்கள அனுப்பிட்டா, அடுத்து வர்றவரு பிரெஞ்சப் படிச்சுக் காட்டுவாரா?" என்றார்.

அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவர் மனைவிக்கு மறுபடி வேலை கொடுக்க இரண்டு போகம் ஆயிற்று. அதுவரை சந்தையில் பனித்திட்டுப் பெண்களோடு கருவாடு விற்று அந்தம்மாள் குடும்பத்தை ஓட்டினாள். மூன்று மாதத்தில் என்னை வில்லியனூருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் தை பிறப்பதற்குள் நோய் அடங்கியது. மேல வீதியில் அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஒரு சாவும் விழவில்லை. அதிலிருந்து எந்த உத்தரவானாலும் அவர் அந்த வீதிக்குள் போய்ச் சொன்னார். வா என்று யாரும் அழைக்கவில்லை, போ என்று யாரும் விரட்டவுமில்லை. சிலர் அவர் தலை தெரிந்ததும் கதவைச் சாத்துவார்களாம். சாத்திய கதவுக்கும் சேர்த்து உரக்கச் சொல்லுவேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஏரி மீன் பிடிக்கும் காலத்தில், துணியில் சுற்றிய விராலோடு என்னைப் பார்க்க வருவார். ஊர்க் கதையெல்லாம் சொல்வார். கடைசியாக வந்தது நாலு மாதத்துக்கு முன்பு. குரல் கம்மிப்போயிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுதந்திரம் வந்துவிட்டது, இந்தப் பக்கம் எப்போது என்று ஊரெல்லாம் பேச்சு. அவரும் அதைக் கேட்டார்.

"வெள்ளக்காரன் பூட்டான்னா உத்தரவு எந்த பாஷயில வரும் சாமி?"

தமிழிலேயே வரும் என்றேன்.

"வரட்டும்" என்றார். "அப்பவும் நீங்க ஒரு தபா படிச்சுப் பாத்துக்குங்க."

அவர் சொன்னவை இப்படி நிறைய என்னிடம் இருக்கின்றன. ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது வார்த்தை அல்ல. கடைசியாக வந்த அன்றைக்கு அவர் என் வீட்டு வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றபோது, நான் எழுந்து, "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்றேன். இத்தனை வருஷமும் அவரை நேருக்கு நேர் நீ, வா என்றே பேசியவன் நான்; வாங்க என்றது அதுதான் முதல் தடவை. தனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, அவர் வழிவிட்டு ஒதுங்கித் திரும்பிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. படியேறி உள்ளே வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.